புளிப்புப் பொடிக்கு விட்ட இடம்

எஸ்தர் கண்ணு,

குக்கரில் சாம்பார் சாதம் இருக்கிறது. ஆறு மணி டியூஷனுக்குப் போகும்போது சாவியை மாடி வீட்டில் கொடுத்துவிட்டுப் போ.

நேற்று நீ மசாலா டப்பாக்களை மாற்றி அடுக்கியதற்கு, "இது கிச்சனா, உன் காலேஜ் லேபா?" என்று கத்தினேன். மேல் தட்டில் முழுசு, நடுத் தட்டில் பொடி, கீழ்த் தட்டில் திரவம். ஒரே சுவை ஒன்றின் கீழ் ஒன்று. வெல்லத்துக்குக் கீழே சர்க்கரை, அதற்குக் கீழே தேன். புளிக்கும் வினிகருக்கும் நடுவில் மட்டும் காலி. "இங்க புளிப்பா ஒரு பொடி வரணும்மா. பீரியாடிக் டேபிள்லயும் கண்டுபிடிக்காத எலிமெண்டுக்கு இப்படித்தான் இடம் விட்டாங்க" என்றாய். எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது.

உன்னை மடக்கத்தான், புளிப்பாக ஏதாவது பொடி உண்டா என்று காலையில் சேட்டு கடையில் கேட்டேன். அவர் ஆம்சூர் என்று ஒரு பாக்கெட்டை எடுத்து வைத்தார். காய்ந்த மாங்காய்ப் பொடி. நாக்கில் வைத்துப் பார்த்தேன், நீ சொன்ன புளிப்பேதான். டப்பாவில் கொட்டி, நீ விட்ட இடத்தில் வைத்திருக்கிறேன்.

நாலு மணிக்கு ஜூடித் சித்தி வருவாள். காபிக்கு முன்னால் அலமாரியைக் காட்டு.

அம்மா

பி.கு. ஆம்சூர் அவர்கள் ஊரில் காலங்காலமாக இருக்கிறதாம், சேட்டு சிரிக்கிறார். இருக்கட்டுமே. பார்க்காமலே சொன்னது என் பெண்தானே!