வெறும் புல்லில் விழுந்த இருபத்து மூன்று பந்துகள்

பிப்ரவரி 5, செவ்வாய்

பதினாறின் கீழ் அறுபத்து நான்கு. மேலே ஒரு ஆறு, கீழே ஒரு ஆறு. இரண்டையும் அடித்துவிட்டு நாலில் ஒன்று என்று எழுதியிருந்தாள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. சுழி போட்டேன். “விடை சரிதானே சார், வழியை எதுக்குப் பாக்குறீங்க?” என்று கேட்டாள். பணி ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம் ஆகிறது. இன்று கேஸ் ஓபர்மையரின் ஆட்டப் படங்களைப் பார்க்கும்போது அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது.

எங்கள் ஊர்க் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் குவாட்டர்பேக் அவன், ஓடும் ஆட்களுக்குப் பந்தை எறிபவன். இந்தப் பருவத்தில் எறிந்த பந்து 312. நூற்றுக்கு அறுபத்தாறு தன் அணி ஆட்களிடம் பிடிபட்டிருக்கிறது. ஏப்ரலில் தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும்போது முதல் சுற்றிலேயே போய்விடுவான் என்று ஊரே சொல்கிறது. ஒரு தொழில்முறை அணிக்கு ஆள் பார்க்கும் லோனி பிரேசர் படங்களை என்னிடம் கொடுத்து, “எண்ணிச் சொல்லு வெண்டல். உன் கண்ணுதான் எனக்கு வேணும்” என்றான்.

எண்ணுகிறேன்.

பிப்ரவரி 11, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். ஒவ்வொரு எறிக்கு முன்னும் இவர்கள் அணி மொத்தமும் மைதானக் கோட்டுக்கு வெளியே திரும்பிப் பார்க்கிறது. அங்கே படம் வரைந்த அட்டைகளைத் தூக்கிக் காட்டுகிறார்கள். எதிரணி நிற்பதைப் பார்த்து, யாருக்கு எறிவது என்று கோச் டில்மனே முடிவு செய்து அட்டையை மாற்றுகிறார். 312-இல் 241 அப்படி. அதில் பிடிபட்டது 172.

மீதி 71-இல் எதிரணி கடைசி நொடியில் இடம் மாறுகிறது. அட்டை மாற்ற நேரமில்லை. பையனே முடிவெடுக்க வேண்டும். பிடிபட்டது 33. பாதிகூட இல்லை! இருபத்து மூன்று பந்து யாருமே இல்லாத புல்லில் விழுந்திருக்கிறது.

பரீட்சையில் பக்கத்துப் பையன் தாளைப் பார்த்து எழுதியவன். அவ்வளவுதான்.

பிப்ரவரி 12, செவ்வாய்

அறிக்கை அனுப்பினேன். கடைசி வரி: “இவன் தானாக முடிவெடுப்பது அரிது, எடுக்கும்போது குறி தவறுகிறது.” நல்ல வரி என்று எனக்கே தோன்றியது.

பிப்ரவரி 20, புதன்

லோனி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அறிக்கை ஊருக்குள் வந்துவிட்டது. காலையில் கடையில் எல்லாக் கோப்பையிலும் காபி ஊற்றிக்கொண்டு வந்த மார்லிஸ், என் கோப்பையைத் தாண்டிப் போனாள். அவள் மகளுக்கு மூன்று வருடம் கணக்கு சொல்லிக் கொடுத்தவன் நான்.

கோச் டில்மன் என் மேஜைக்கே வந்தார். “வாத்தியாரே, நீங்க வாழ்க்கையில ஒரு பந்தாவது எறிஞ்சிருக்கீங்களா?”

“இல்ல.”

“அப்புறம் என்னத்துக்கு மூக்க நுழைக்கிறீங்க? போய் முக்கோணம் வரையுங்க.”

கடை முழுக்கச் சிரித்தது. எழுந்து வந்துவிட்டேன். எழுந்திருக்கக் கூடாது. அந்த ஆள் தன் தலையைப் பையனின் தோளில் ஒட்டி விற்கிறார், அதைச் சொன்னால் கோபம்! அங்கேயே நின்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கணும் — ஏன் சொல்லல?

பிப்ரவரி 22, வெள்ளி

என் வீட்டு வாசல் தபால் பெட்டியை யாரோ சாய்த்துவிட்டார்கள். நிமிர்த்தினேன்.

மார்ச் 2, சனி

மதியம் கேஸ் வந்தான். தொப்பியைக் கழற்றவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அந்த இருபத்து மூணைப் போடுங்க.”

“எதுக்கு?”

“போடுங்க சார். நாலு வயசுலேர்ந்து எறியறேன். நீங்க ஒரு வாரம் உக்காந்து பாத்துட்டு என்னை பெயிலாக்கிட்டீங்க.”

போட்டேன். மூன்றாவதில் படத்தை நிறுத்தி, திரையில் விரலை வைத்தான். “எங்க பையன் நேரா ஓடிட்டிருக்கான். ஆனா அவன் போற இடத்துக்கு எதிராளி ஒருத்தன் நகந்துட்டான், பாருங்க. அப்போ எங்காளு என்ன செய்யணும்? பாதியில நின்னு திரும்பணும். நான் எறிஞ்சது அவன் நிக்க வேண்டிய இடத்துக்கு.”

“அவன் நிற்கலையே.”

“நிக்க மாட்டான். அட்டையில காட்டின கோட்டை மீறுனா மைதானத்தை இருபது தடவ சுத்தி ஓடணும். கோச் சட்டம் அது.”

“தெரிஞ்சும் ஏன் அங்கே எறிஞ்ச?”

“அவன் ஓடுற பக்கம் எறிஞ்சா எதிராளி புடிச்சிருப்பான். புல்லுல விழுந்தா யாருக்கு நஷ்டம்?” கதவுவரை போய்த் திரும்பினான். “எனக்கு மட்டும்தான்.”

இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். கோச்சைக் காட்டிக்கொடுத்தால், தொழில்முறை அணிகள் பார்க்க வரும் இந்த மாதக் காட்சி நாளில் தன் பந்தைப் பிடிக்க ஒருவனும் வரமாட்டான் என்றான். கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனான்.

மார்ச் 3, ஞாயிறு

தேவாலயத்துக்குப் போகவில்லை. இருபத்து மூன்றையும் மறுபடி பார்த்தேன். இந்த முறை பந்தைப் பார்க்கவில்லை, எதிரணியைப் பார்த்தேன். அவர்கள் விட்டுப்போன ஓட்டை எங்கே என்று முதலில் குறித்துக்கொண்டு, பிறகு படத்தை ஓட்டினேன்.

இருபத்தொன்று அந்த ஓட்டையிலேயே விழுகிறது. ஓர் அடிகூட விலகவில்லை.

பிடிபட்ட 33-ஐயும் பார்த்தேன். ஒன்பதில் டெஷான் டிப்ஸ் என்ற பையன் சட்டத்தை மீறிப் பாதியில் நின்று திரும்புகிறான். ஒன்பதும் நெஞ்சுக்கு நேராக வருகிறது. கையைக்கூட நீட்ட வேண்டியிருக்கவில்லை.

71-இல் எதிரணி பிடித்தது ஒன்றே ஒன்று. இது என் அட்டவணையிலேயே இருக்கிறது. நானே எழுதியது. எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் எத்தனை பேருக்கு இப்படிச் சுழி போட்டேனோ.

மார்ச் 5, செவ்வாய்

திருத்தம் அனுப்பினேன். கோச்சின் சட்டத்தையும் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமல் விளக்க வழியில்லை. லோனி போனில் கத்தினான்.

“மூணு வாரத்துல கருப்பு வெள்ளையாயிடுச்சா? பையன் வந்து அழுதானா?”

“அழல. திட்டிட்டுப் போனான்.”

“மேல என்னை என்னன்னு நினைப்பாங்க? உன் முதல் அறிக்கையை என் பேர்ல குடுத்திருக்கேன்யா!”

ஆக, திருத்தம் மேலே போகாது. புரிந்துவிட்டது.

மார்ச் 19, செவ்வாய்

காட்சி நாள். பத்துப் பன்னிரண்டு அணிகளிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். கேஸ் பயந்ததுதான் நடந்தது. மற்றவர்களுக்கெல்லாம் பந்து பிடிக்க ஆள் இருந்தது. கேஸின் முறை வந்ததும் எல்லோருக்கும் எங்கேயோ வலி, எங்கேயோ வேலை. வந்தவன் டெஷான் ஒருவன்தான். அவனுக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் கேஸ் வெற்றிடத்துக்கு எறிந்துகொண்டிருந்தான்.

கைகட்டி நின்ற டில்மன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “வாத்தியாரே, உங்காளு புல்லுக்கு நல்லா எறியறான்!”

“புல்லாவது உங்களுக்குப் பயப்படாது” என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கேஸ் என் பக்கம் திரும்பவே இல்லை. திருத்தத்தில் கோச்சின் பெயரை எழுதியவன் நான்தானே, அதுவும் லோனியின் வாய் வழியாக ஊருக்குள் வந்துவிட்டது. அவன் வாய் மூடி இருந்ததற்கும் பலனில்லாமல் செய்துவிட்டேன்.

மார்ச் 28, வியாழன்

வடக்கே உள்ள ஒரு அணியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். காட்சி நாளில் நான் டில்மனுக்குச் சொன்ன பதில் காதில் விழுந்ததாம், பந்து பிடிப்பவர்கள் கோச்சுக்குப் பயப்படுகிறார்கள் என்று அதில் புரிந்ததாம். வணக்கம்கூடச் சொல்லவில்லை. “ஓடுறவன் பாதியில நின்ன எறி எத்தனை? எந்த ஆட்டம், எந்த நிமிஷம்?” ஒன்பதையும் படித்துச் சொன்னேன். “உங்க முதல் அறிக்கை படு மோசம்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 25, வியாழன்

முதல் சுற்று. கேஸின் பெயர் வரவில்லை. லோனியின் அணி வேறொருவனை எடுத்தது.

ஏப்ரல் 26, வெள்ளி

இரண்டு, மூன்று. இல்லை.

ஏப்ரல் 27, சனி

ஐந்தாம் சுற்றில் வடக்கு அணி எடுத்துக்கொண்டது. கடையில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லோனியிடமிருந்து ஒரு வரி: இனி என் கண் வேண்டாமாம்.

மாலையில் கேஸ் அனுப்பிய செய்தி: “உங்க முதல் காகிதம் இல்லாட்டி முதல் சுற்றுலயே போயிருப்பேன். அந்த ஒன்பதைக் கண்டுபிடிச்சதும் நீங்கதான்னு அந்தம்மா சொன்னாங்க. ரெண்டும் சரிக்குச் சரின்னு நான் சொல்லமாட்டேன். அங்க ஓடுறவங்க நின்னு திரும்புவாங்களாம். டெஷானையும் கூப்பிட்டிருக்காங்க.”

பதில் எழுத உட்கார்ந்தேன். ‘சரிதான்’ என்று மட்டும் அனுப்பினேன்.

இந்த நோட்டை யார் எடுத்துப் படித்தாலும் ஒன்று செய்து பாருங்கள். கேஸின் ஆட்டம் ஏதாவது ஒன்றைப் போட்டு, பந்து கையை விட்டுக் கிளம்பும் நொடியில் நிறுத்துங்கள். எதிரணியில் காவல் இல்லாத இடத்தைத் தேடி அதன் மேல் விரலை வையுங்கள். பிறகு ஓட்டுங்கள்.