காந்தத்தின் கீறலில் பல்லேடியம்

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். பத்தொன்பது வருடம் கழித்து எழுதுவதால், தடுமாறாமலிருக்க வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. நம் ஆய்வகத்தில் நீ பொய்யான முடிவு எழுதவில்லை.
2. எழுதினாய் என்று நான் மேலாளருக்குக் கொடுத்த அறிக்கை தவறு.
3. அந்தத் தவறு தெரியாமல் நடந்தது.

முதலாவது. அந்த இரண்டு மூலக்கூறுத் துண்டுகளை ஒட்டவைக்கப் பல்லேடியம் உலோகம் சிறிதாவது வேண்டும். அது இல்லாமலே ஒட்டியது என்றாய். நான் மூன்று முறை செய்தேன், ஒட்டவில்லை. போன மாதம் ஓர் ஆய்விதழில் படித்தேன். கரைசலைக் கலக்கக் குடுவைக்குள் சுழலும் வெள்ளைக் காந்தம் பழசானால், அதன் கீறல்களில் முந்தைய சோதனைகளின் பல்லேடியம் தங்கிவிடுமாம். கழுவினாலும் போகாதாம். நீ பழைய காந்தத்தைப் போட்டாய், நான் புதியதை. நீ கண்டது உண்மை, காரணம்தான் வேறு.

இரண்டாவதற்கு விளக்கம் வேண்டியதில்லை. உன் வேலை போயிற்று. மூன்றாவதை நீ நம்பினால், ஒருமுறை வந்து உன்னைப் பார்க்க ஆசை. இதையாவது ஒழுங்காக எழுதினேனா என்று தெரியவில்லை.

அண்ணன்

மார்ச் 15

அண்ணா,

கவரைப் பிரிக்கும்போதே உங்க தம்பி பொண்டாட்டி கேட்டா, "நம்பர் போட்டிருக்காரா?"ன்னு. ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம்.

பெயின்ட் கடை நல்லா ஓடுது. ஒரு கலரை மறுபடி கலக்கச் சொன்னா அப்படியே வருது. அப்படி வர்றப்பல்லாம் உங்களைத்தான் திட்டிக்குவேன்.

காந்த விஷயம் எனக்கே தெரியாது, உங்களை என்ன சொல்ல? ஆய்வகத்தை விட்டுக் கிளம்புறப்போ, "என் குடுவையிலயே ஒரு தடவை செஞ்சு பாருங்கண்ணா"ன்னு கெஞ்சினேன். நீங்க செய்யல. உங்களுக்குப் பயந்த சுபாவம்னு விட்டுட்டேன். செஞ்சு பாத்துட்டு மறைச்சிருந்தாத்தான் உங்க மூஞ்சியிலயே முழிச்சிருக்க மாட்டேன்.

மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வாங்க. மாடி ரூமை ஒழிச்சாச்சு.

உங்க தம்பி

மார்ச் 22

தம்பி,

டிக்கெட் எடுத்துவிட்டேன். சட்டைகளைக்கூட அடுக்கிவிட்டேன். பிறகு உன் கடிதத்தை மறுபடி படித்தேன்.

நீ கிளம்பிய அன்று, உன் குடுவையிலேயே, உன் காந்தத்தோடு செய்து பார்த்தேன். நான்கு மணிக்கு முடிந்தது. ஒட்டியிருந்தது. ஒட்டியதா என்று காட்டும் கண்ணாடித் தகட்டில் புள்ளி நீ சொன்ன உயரத்துக்கே ஏறியிருந்தது. ஏன் என்று புரியவில்லை. அறிக்கை காலையிலேயே மேலாளரிடம் போயிருந்தது. போய்த் திருப்பிக் கேட்கப் பயம். தகட்டை நான்காக உடைத்துக் குப்பையில் போட்டேன்.

மாலையில் உன்னை ரயிலேற்றிவிட வந்தபோது, உன் பெட்டியை நான்தான் தூக்கிக் கொடுத்தேன். அப்போது எனக்குத் தெரியும்.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். முதல் கடிதத்தில் மூன்றாவதாக எழுதியது தவறு.

அண்ணன்