மகள் வீட்டுச் சுவரில் வசீலி அண்ணையின் கடல்

பாசமுள்ள வசீலி அண்ணை,

நீங்கள் போனபிறகு உங்களோடு கதைக்க ஆளில்லாமல் இதை எழுதுகிறேன். தமிழில்தான் எழுதுகிறேன். இருந்த காலத்தில் நாங்கள் கதைத்தது டேனிஷ். உங்கள் டேனிஷ் எனக்கு விளங்கும், என் டேனிஷ் உங்களுக்கு விளங்கும். நடுவில் ஒரு டேனிஷ்காரர் அகப்பட்டால் அந்தப் பாவம் இரண்டு பேரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கோப்பி எடுக்கப் போய்விடும். இப்போது நீங்கள் இருக்கும் இடத்தில் எந்த மொழியும் விளங்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் செய்தியைச் சொல்கிறேன். எங்கள் ஓவியக் கழகம் எஸ்பியர்க் நகர நூலக மண்டபத்தில் உங்கள் நினைவாகக் கண்காட்சி வைத்தது. யார் யார் வீட்டில் உங்கள் படம் தொங்கியதோ எல்லாவற்றையும் இரவல் வாங்கி மாட்டினோம். சனமென்றால் அப்படிச் சனம். மழைக்குள்ளும் நனைந்து நனைந்து வந்தார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள், நல்லதாகத்தான் பேசினேன். வயிறு எரிய எரியப் பேசினேன். பேசி முடிய ஒரு டேனிஷ் அம்மா கண்ணைத் துடைத்தபடி வந்து, "நீங்கள் அவருக்கு எவ்வளவு நல்ல நண்பர்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டா. நண்பன்தான். யார் இல்லையென்றது?

ஆனால் அண்ணை, எனக்கும் ஒரு காலம் இருந்தது. எங்கள் ஆட்களுக்குள் ஓவியர் என்றால் அது தவராசாதான். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் கலைவிழாவா, அரங்கேற்றமா, பின்னுக்குத் தொங்கும் மாளிகையும் நீர்வீழ்ச்சியும் என் கை. கோயில் கட்டியபோது சுவரில் மயிலைக் கீறியதும் நான்தான். ஒல்போர்க்கிலிருந்துகூட ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். அப்படி நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தவன், டேனிஷ்காரரின் கழகத்திலும் ஒரு கை பார்ப்போம் என்று வந்தேன். வந்த அன்றே உங்கள் படத்துக்குப் பக்கத்தில் என் படத்தை வைத்தார்கள். அன்றைக்குப் பிடித்த எரிச்சல் இது.

நீங்கள் பிறந்த இடத்தில் கடலே இல்லையே! அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் வடமராட்சிக்காரன், அலைச் சத்தத்தோடு வளர்ந்தவன். நீங்களோ ரஷ்யாவின் நடுவில், கடலைக் காண நாட்கணக்கில் ரயிலில் போகவேண்டிய ஒரு காட்டு ஊரில் பிறந்தவர். ஓவியக் கல்லூரியில் படித்ததும் நிலக்காட்சிதான். வெண்பட்டை மரங்கள், பனி உருகிச் சகதியான பாதை, ஆற்றில் உடைந்து மிதக்கும் பனிக்கட்டி. அந்தக் காலத்துப் படங்களின் நிழற்படங்களை எனக்குக் காட்டியிருக்கிறீர்கள். அதுவும் நல்லாய்த்தான் இருந்தது. அதோடு நின்றிருக்கலாம்.

பிறகு மீன்பிடிக் கப்பலில் வேலைக்கு ஏறி வடகடலைக் கண்டீர்கள். அதற்குப் பிறகு உங்கள் படத்தில் ஒரு மரமும் இல்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"மரத்தைக் கீறினால் பாதி வேலையை மரமே செய்து தரும், தவா. கடல் ஒரு உதவியும் செய்யாது."

சொல்லிவிட்டு ஊறுகாய் மீனை வாயில் போட்டுக்கொண்டீர்கள். இதை நான் சொல்லியிருக்கக் கூடாதா? கடலோடு பிறந்தவன் நான் இருக்க, இந்த வசனம் உங்கள் வாயிலா வரவேண்டும்?

எஸ்பியர்க் துறைமுகத்தில் கப்பல் நின்ற நேரம் ஒரு பள்ளி ஆசிரியையைக் கண்டீர்கள், இங்கேயே நின்றுவிட்டீர்கள். கிழமை நாட்களில் கப்பல்களின் வயிற்றுக்குச் சிவப்பு மை பூசும் வேலை, சனி ஞாயிறு கராஜுக்குள் படம். முதலில் இங்கே நீங்கள் கீறிய கடலைப் பார்த்துக் கழகத்தில் சிரித்தார்களாம். எந்தப் படத்திலும் கடல் விளிம்பு முட்ட நிறைந்து நின்றதாம். இங்கே ஒரு நாளைக்கு இரண்டு தரம் வற்றி, கண்ணுக்கெட்டிய தூரம் சேறாய்க் கிடக்கிறதே, அது எங்கே என்று கேட்டார்களாம். நீங்கள் கோபிக்கவில்லை. றப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வற்றுக்கு வற்று போய் நின்றிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு சேற்றைக் கீறத் தொடங்கினீர்கள். சேற்றைக் கீறிப் பெயர் வாங்கிய மனுசனை நான் வேறெங்கும் காணவில்லை.

நீங்கள் வேலை செய்யும் விதமும் எனக்குப் பிடிக்காது. நான் ஃபானோத் தீவுக்கு ஃபெரிப் படகில் போய், மணலில் படம் தாங்கும் சட்டத்தை நட்டு, காற்றோடு மல்லுக்கட்டி, மைக்குள் மணல் விழ விழக் கீறுவேன். நீங்கள் கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டபடி சும்மா நிற்பீர்கள். ஒரு பென்சில்கூடக் கொண்டுவரமாட்டீர்கள். கரையிலே நின்று தண்ணீரையும் காலடியையும் பார்ப்பீர்கள், பிறகு "குளிருது, போவமா" என்பீர்கள். வீட்டுக்குப் போய், கராஜில் சுவரைப் பார்த்துக்கொண்டு கீறுவீர்கள். அடுத்த கிழமை பார்த்தால் நாங்கள் நின்ற அந்தப் பின்னேரம் அப்படியே நிற்கும். நான் மணலைச் சுரண்டிக்கொண்டிருப்பேன்.

இதெல்லாம் பரவாயில்லை. கழகத்தில் தோற்றேன், சரி. என் வீட்டுக்குள்ளேயே தோற்றேனே!

மகள் மயூரி வைலேயில் வீடு வாங்கியபோது, வரவேற்பறையின் பெரிய சுவரை நான் மனதால் அளந்து வைத்திருந்தேன். எந்தப் படம், எந்தச் சட்டம், எல்லாம் யோசித்தாயிற்று. குடிபூரலுக்குப் போகிறேன், சுவரில் உங்கள் சேறு. உங்களிடம் தானே வந்து கேட்டு வாங்கினாளாம். நீங்களும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கொடுத்த படம் மாடிப்படிக்குக் கீழே, தூசு உறிஞ்சும் மெசினுக்குப் பக்கத்தில் நின்றது. அன்று நான் பாற்சோற்றைத் தொடவேயில்லை. நீங்கள் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டீர்கள்.

கார்த்திகையில் நீங்கள் போனீர்கள். எட்டாம் நாள் எங்கள் வழக்கப்படி ஒரு படையல் வைத்தேன். உங்கள் ஊறுகாய் மீன், கறுப்புப் பாண், ஒரு சின்னக் கிளாசில் வொட்கா, பக்கத்தில் என் மனிசி பவளத்தின் கணவாய்க் கறி. ஒருவர் இருக்கும்போது முகத்தைச் சுளித்துவிட்டு, போனபிறகு கிளாசை நிரப்பி வைக்கிற மனுசனைப் பார்த்து என் மனிசிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எனக்கு அழுகை மட்டும்தான் வந்தது அண்ணை. அதை நம்புங்கள்.

பிறகு இந்தக் கண்காட்சி. மயூரி வீட்டில் தொங்கிய உங்கள் படத்தையும் கழகம் கேட்டது. வான் வண்டியில் போய் ஏற்றி வர நான்தான் முன்னுக்கு நின்றேன். ஏன் தெரியுமா? சுவர் காலியாகப் போகிறதே! நீங்கள் சுவரிலிருந்து இறங்கிய அந்த நிமிடமே என் படத்தைத் தூசு தட்டி ஏற்றிவிட்டேன். எஸ்பியர்க் கடற்கரை, தை மாதத்து மத்தியானம், நல்ல வெயில், சனம் கோட்டுப் போட்டுக்கொண்டு உலாவுகிறது. என் படங்களுக்குள்ளே திறமானது அதுதான். வீட்டுக்கு வந்து மனிசியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"செத்த மனுசனோட என்னப்பா போட்டி உங்களுக்கு?" என்றாள்.

"உயிரோட இருக்கேக்க விட்டுத்தந்தாரோ?" என்றேன்.

மாசியில் ஒரு ஞாயிறு மயூரியிடம் போனோம். என் படத்துக்கு நேரே உட்கார்ந்து, அதைப் பார்க்காதவன் மாதிரிக் கோப்பி குடித்தேன். அவள் கொஞ்சநேரம் படத்தையும் என்னையும் பார்த்தாள்.

"அப்பா, நீங்கள் கோவிக்கக் கூடாது. ஒண்டு கேக்கட்டே?"

"கேள் பிள்ளை."

"இந்த ஆக்களுக்கு ஏன் நிழல் இல்லை?"

"இருக்குது. காலுக்குக் கீழ பார்."

"அதுதான் கேக்கிறன். கோட்டும் தொப்பியும் போட்டிருக்கினம், நீங்கள் ஜனவரி எண்டுறீங்கள். ஜனவரியில நிழல் இவ்வளவு கட்டையா விழுமே?"

அவள் டேனிஷுக்கு மாறினாள். மனதில் உள்ளதைச் சொல்லவேண்டுமென்றால் அவளுக்கு அதுதான் வரும். சின்னப் பிள்ளையாய்க் கடற்கரையில் தன் நிழலை மிதிக்க ஓடி விளையாடியதாகவும், குளிர்காலத்தில் அந்த நிழல் ஒரு வீட்டு நீளம் இருக்கும் என்றும் சொன்னாள். பிறகு திரும்பத் தமிழுக்கு வந்தாள்.

"வசீலி மாமான்ர படத்தைப் பாக்க நான் பிறந்த இடம் தெரியுதப்பா. உங்கட படத்தில தெரியிறது நீங்கள் பிறந்த இடம். அது வடிவு இல்லை எண்டு நான் சொல்லேல்லை."

பவளம் குசினிக்குள் போய்விட்டாள். நான் கோப்பியைக் குடித்து முடித்தேன். ஆறிப்போயிருந்தது.

அடுத்து வெயில் எறித்த மத்தியானம், சட்டமும் இல்லாமல் மையும் இல்லாமல் கரைக்குப் போனேன். சூரியன் அங்கே தாழ்வாய், யாரோ எழுப்பிவிட மறந்ததுபோல் கிடந்தது. குனிந்து பார்த்தேன். என் நிழல் மணலில் நீண்டு, கடற்பாசியைத் தாண்டி, தண்ணீருக்குள்ளே தலையை வைத்திருந்தது. இவ்வளவு காலமாக இந்த ஊரில் வேலை செய்தேன், பிள்ளை வளர்த்தேன், சுவர் சுவராய்ப் படம் கீறினேன். ஆனால் வடமராட்சியின் உச்சி வெயிலைத் தலைக்கு மேலேயே கொண்டு திரிந்திருக்கிறேன். பெற்ற பிள்ளைக்கு அவள் ஊரைக் கீறிக் கொடுக்க ஒரு ரஷ்யாக்காரர் வரவேண்டியிருந்தது. இதைவிட என்ன பொறாமை வேண்டும் ஒரு தகப்பனுக்கு?

ஒரு கேள்வி அண்ணை. எத்தனை வருடம் என் படங்களுக்கு முன்னால் நின்று தலையை ஆட்டினீர்கள்! உங்கள் கண்ணில் இது படாமல் இருந்திருக்காது. ஏன் சொல்லவில்லை? நான் தாங்கமாட்டேன் என்றா? அல்லது எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஊர் வெயில் ஒன்றுதான், அதையும் பறிக்கக்கூடாது என்றா? கழகம் உங்களைப் பார்த்துச் சிரித்ததுபோல நீங்களும் என்னைப் பார்த்து ஒருதரம் சிரித்திருக்கலாம். நான் சண்டை பிடித்திருப்பேன்தான். ஒரு மாதம் கதைக்காமல் இருந்திருப்பேன். பிறகு குனிந்து பார்த்திருப்பேன்.

போன சனிக்கிழமை கண்காட்சி முடிந்தது. உங்கள் கடலைக் கம்பளியால் சுற்றி வான் வண்டியில் வைத்து வைலேக்குக் கொண்டுபோனேன். மயூரி வாசலிலேயே நின்றாள். எனக்காக யோசித்து வைத்திருந்தாள், பாவம்.

"அப்பா, ரெண்டும் இருக்கட்டும். மற்றச் சுவரில இடம் இருக்குத்தானே?"

"வேண்டாம்."

"நான் இரக்கப்பட்டுச் சொல்லேல்லை."

"தெரியும் பிள்ளை. ஏணியைப் பிடி."

என் படத்தை நானே இறக்கினேன். உங்களை நானே ஏற்றினேன். மட்டம் சரியா என்று கீழே நின்று பார்த்தேன். மயூரி பக்கத்தில் வந்து, சின்ன வயதில் செய்வதுபோல் என் கைக்குள் கையை விட்டுக்கொண்டாள். அவள் பார்த்தது உங்களைத்தான். என் கை அவளுக்கு ஒரு பிடிமானம், அவ்வளவே. நான் அசையாமல் நின்றேன்.

இப்போது கேளுங்கள். அடுத்த குளிர்காலம் வரட்டும். அன்றன்றைக்கு வெயில் விழுகிற மத்தியானமெல்லாம் நான் கரையில்தான் நிற்பேன், உங்களை மாதிரிக் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு. குளிருகிறது என்று திரும்பி வரமாட்டேன். அந்த வெளிச்சம் எனக்குப் பிடிபடும்வரை தூரிகையைத் தொடமாட்டேன். பிடிபட்ட பிறகு என் மகளுக்கு அவள் கடலைக் கீறுவேன். சும்மா பக்கத்துச் சுவரில் இடம் கேட்பதற்கல்ல. அவளே வந்து, "அப்பா, வசீலி மாமாவை இறக்கிவிட்டு இதை மாட்டுங்கோ" என்று சொல்லவேண்டும். சொல்ல வைப்பேன். உங்களை அந்தச் சுவரிலிருந்து இறக்காமல் விடமாட்டேன், இது சத்தியம்.

அதுவரைக்கும் அங்கேயே இருங்கள். இருந்து என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயிற்றெரிச்சல் தீராத உங்கள் தம்பி,
தவராசா
எஸ்பியர்க்