வழியை அடைத்தவர் பெயர்

ஜனவரி 20, செவ்வாய்

காலையில் பனி. மலை தெரியவில்லை. தலைவலி, ஏலக்காய்க் கடை வேலைக்குப் போகவில்லை.

தபால்காரர் அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு கவர் கொடுத்தார். வக்கீல் நோட்டீஸ். முழுக்க இங்கிலீஷ். அனுப்பியது தேவாரத்துத் தையல்காரர். பொங்கலுக்கு முன்னால், ரோட்டில் பரப்பியிருந்த எங்கள் கொள்ளுக்குப் பக்கத்தில் பைக்கோடு விழுந்தவர். வலது மணிக்கட்டு முறிவு.

அம்மா பெயர் புரிந்தது. 'பப்ளிக் ரோடு' புரிந்தது. 'அப்ஸ்ட்ரக்ட்' என்று ஒரு சொல், மூன்று இடத்தில்.

"என்னடி போட்ருக்கு?"

"தெரியலம்மா."

"ஒம்போதாவது வரைக்கும் என்னத்தப் படிச்ச?"

ஜனவரி 21, புதன்

போடி ஏலக்காய்க் கடை. நாள் முழுக்கக் காய் பொறுக்கினேன். வெடித்தது தனி, கறுத்தது தனி. பக்கத்தில் மாரியக்கா: "ஏ ஊமைச்சி, வாயில கொழுக்கட்டையா?" சிரித்து வைத்தேன்.

சாயந்தரம் செல்வி வீடு. என்னோடு படித்தவள், இப்போது பிளஸ் டூ. 'அப்ஸ்ட்ரக்ட்'டுக்கு அவள் டிக்சனரியில் பார்த்து எழுதியது:

- வழியை அடைத்தல். போகவிடாமல் குறுக்கே எதையாவது வைத்தல்.
- மரம் ரோட்டில் விழுந்து கிடந்தாலும் இதே சொல். முன்னால் நிற்பவர் தலை மறைத்தாலும்.
- அதிகாரியை வேலை செய்யவிடாமல் தடுத்தாலும். அதற்குக் கேஸ் உண்டாம்.
- போனில் ஒருத்தரை பிளாக் பண்ணுவதற்கு வராது.

செல்வி: "இத யாரும் வாயால பேச மாட்டாங்கடி. கோர்ட்டு, ஸ்டேசன், அங்கதான் எழுதுவாங்க."

நோட்டீசில் அதற்கு முன்னால் இருந்த சொல்லையும் பார்த்தோம். 'வேண்டுமென்றே'. மரம் வேண்டுமென்று விழாது.



ஜனவரி 22, வியாழன்

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். கொள்ளுச் செடியை ரோட்டில் பரப்பினால் பஸ்சு, ஜீப்பு ஏறி நெற்று உடையும். எங்கள் ஊர் சிலமலையில் எல்லாரும் செய்வது. ஜீப்புக்காரர்கள் ஓரமாக ஒதுங்கிப் போய்விடுவார்கள். ஒதுங்காமல் இருக்க அந்த ஓரத்தில் கல் வைப்போம். பொழுது சாய எடுத்துவிட வேண்டும்.

அன்று வைத்தது நான். எடுக்க மறந்ததும் நான். அம்மாவுக்குத் தெரியும்.

மாமா வந்தார். "கொள்ளு எங்களுது, கல்லு எங்களுது இல்லன்னு சொல்லிரு அக்கா. கல்லுல பேரா எழுதியிருக்கு?"

"நான்தான்டா வச்சேன்." அம்மா என் பக்கம் பார்க்கவில்லை.

பிறகு அடுப்படியில், மெதுவாக: "பொம்பளப் புள்ள பேரு கேசுல ஏறக் கூடாது. வாயத் தொறந்த, தோல உரிச்சிருவேன்."

நான் வாயைத் திறப்பவளா என்ன.

ஜனவரி 24, சனி

வெயில். அப்பா ஏலத்தோட்டத்திலிருந்து இந்த வாரமும் இறங்கவில்லை. அம்மாவும் நானும் தேவாரம் பஸ்சு. பையில் இரண்டு படி கொள்ளு.

தையல் மிஷின் மேல் துணி மூடியிருந்தது. தையல்காரர் கையில் மாவுக்கட்டு. அவர் மனைவி பையை வாங்கவில்லை. "தை மாசம். கலியாண ஜாக்கெட்டு பதினொண்ணு அப்பிடியே கெடக்கு."

அம்மா: "நான்தாண்ணே கல்லு வச்சேன். எடுக்க மறந்து போச்சு."

"எத்தன கல்லு?"

"ஒண்ணு."

"ஒண்ணப் பாத்து ஒதுங்கிட்டேனேம்மா. அடுத்ததுலதான விழுந்தேன்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மூணு கல்லு," என்றேன். என் குரல்தான். "நான் வச்சேன். வேணும்னுதான் வச்சேன், ஜீப்பு ஒதுங்கக் கூடாதுன்னு. நீங்க விழுகணும்னு இல்ல. எடுக்க மறந்துட்டேன்."

அம்மா என் கையைக் கிள்ளினாள். இன்னும் சிவப்பாக இருக்கிறது.

பெயர் கேட்டார். வயது கேட்டார். பதினாறு.

"பதினாறு வயசுப் புள்ள மேல என்னத்த எழுதச் சொல்றது?"

மனைவி: "எழுதாம? ஒடஞ்ச கை ஒட்டிருமா?"

அவர் என் விரல்களைப் பார்த்தார். பிறகு: "கொக்கி தைக்க வருமா?"

"வரும்."

"தைக்கிறதுக்கு வேற ஆளு பாத்துக்கிறேன். கொக்கி, ஓரமெல்லாம் நீ முடிச்சுக் குடு. நாளைக்கு வெரசா வா."

நோட்டீசைத் திருப்பி வாங்குவதாகச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பஸ்சிலிருந்து இறங்கும்போது அம்மா, "மொதப் பஸ்சு ஆறரைக்கு."

ஜனவரி 25, ஞாயிறு

நான்கு ஜாக்கெட். விரலில் இரண்டு குத்து. தையல்காரர் வீட்டு அக்கா ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்றை மடித்து வைத்தார். நான்காவதை என் மடியில் போட்டார்.

"பிரிச்சிட்டுத் தை."