எல்லாரும் சரிங்க என்றார்கள்

கெலமங்கலம்,
12-12-1968

அன்புள்ள மேரிராணிக்கு,

சேசுவின் அருளால் நான் சுகம். உன் இருமல் குறைந்ததா?

நான் மேஸ்திரியானதை எழுதியிருந்தேன் அல்லவா? போன வாரம் குவாரியில் வெடி வைக்குமுன், எங்கே ஒதுங்குவது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "புரிஞ்சுதா?" என்று அதட்டினேன். தெலுங்கு பேசுகிற ஆட்கள். எல்லாரும் "சரிங்க" என்றார்கள். அவர்களில் பாப்பம்மா என்பவள் வேறு பக்கம் போய் நின்றதால், அவள் தோளில் கல் பட்டுவிட்டது. பயப்படாதே, தேறிவிட்டாள்.

"புரியலைன்னு ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா திட்டியிருப்பீங்களே" என்றாள்.

இப்போது ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்லச் சொல்கிறேன். ஆனாலும் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

குளிர் தாங்கவில்லை, என் கம்பளியை அனுப்பு. லாரி கிளம்புகிறது, கடிதத்தைக் கொடுக்க வேண்டும். உன் பழைய கடிதங்களைப் படித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் "சரிங்க" என்றே எழுதியிருக்கிறாய். இந்த முறை அப்படி எழுதாதே.

இன்னாசிமுத்து