கைடில் இல்லாத கடல்

கராச்சர்மா,
செவ்வாய்

அன்புள்ள அப்பாவுக்கு,

சொந்தமாக யோசித்து எழுதிய பெண்ணைத் தோற்கடிக்க நாங்கள் ஏன் கல்லூரி நடத்துகிறோம்? ஆபரேஷன் செய்த கண்ணில் உறுத்தல் குறைந்ததா? நான் நலம்.

இங்கே ஒரு சின்னத் தகராறு, கவலைப்படாதீர்கள். கடலைப் பற்றிய ஓர் ஆங்கிலக் கவிதையை ஆராய்ந்து கட்டுரை எழுதச் சொன்னேன். வகுப்பே கைடைப் பார்த்து, கடல் விடுதலையின் குறியீடு என்று எழுதியது. மர்ஜானா மட்டும் கடல் ஒரு பூட்டு என்று எழுதி, கவிதை வரிகளைக் கொண்டே அதை நிறுவியிருந்தாள். புயலில் இந்தத் தீவிலிருந்து கப்பல் ரத்தானதால், மெயின்லேண்டில் இறந்த தன் அண்ணனின் அடக்கத்துக்கு அவள் அத்தாவால், அதாவது அப்பாவால், போக முடியவில்லையாம். நான் பத்துக்கு எட்டு மதிப்பெண் போட்டேன். துறைத்தலைவர் குணா அதை அடித்து இரண்டாக்கினார்.

"கைடுல இல்லையே மேடம். நாளைக்கு ரீடெஸ்ட் வைங்க. மறுபடி இப்படி எழுதினா அந்தப் பொண்ணோட வருஷம் பர்பாத், வீணாப் போயிடும்."

"அப்போ கைடுக்கே டிகிரி குடுத்துடுங்க சார்."

அவர் சிரித்தார். போனில் சொன்னால் குரலே காட்டிக்கொடுக்கும் என்றுதான் எழுதுகிறேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் காப்பித்தூள் கொடுத்தனுப்புங்கள். கொஞ்சம் போதும், ஒருத்திக்குத்தானே.

புதன்

மறுதேர்வு முடிந்தது. கடல் விடுதலையின் குறியீடு என்று மர்ஜானா பிழையில்லாமல் எழுதியிருந்தாள். தாளை நீட்டி, "இது சரிதானே மேடம்?" என்றாள். ஒன்பது போட்டேன். அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்
விஜயலட்சுமி