கலைந்தது, கலைத்தது

அன்புள்ள மகள் தியாமிகேவுக்கு,

நானும் உன் அப்பாவும் இங்கே பலாக்காவில் நடமாடிக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம், நீயும் பின்லாந்தில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். இந்த வருஷம் சோளம் மோசமில்லை, எல்லாம் காய்ந்து உள்ளே வந்துவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டுவிட்டு வருகிறது, ஆனாலும் சமையலறைக் கூரைக்குத் தகரம் மாற்றியே தீருவேன் என்று ஏணியில் ஏறுகிறார், அதுவும் நான் வேலைக்குப் போனபிறகு ஏறுகிறார், நான் வருகிற நேரத்துக்கு இறங்கி ஒன்றும் நடக்காததுபோல உட்கார்ந்துவிடுகிறார், சட்டையெல்லாம் துரு, கேட்டால் ஆடு உரசிவிட்டது என்கிறார்.

போன வாரம் நீ அனுப்பிய இரண்டு வரியைப் படித்தேன். மன்னிச்சிடும்மா, இனிமே அந்த மொழிபெயர்ப்பு வேலையை நான் தொடவே மாட்டேன் என்று எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு கூப்பிட்டால் எடுக்கவும் இல்லை. நேற்று எனக்குக் கம்ப்யூட்டர் பயிற்சி கொடுத்த வேஸி பேசினாள், ஹெல்சின்கியில் நடக்கப்போகிற உங்கள் மென்பொருள்காரர்கள் மாநாட்டில் நீ பேசுவதாக இருந்தது, இப்போது பெயரை எடுத்துவிட்டாய் என்றாள். அவளும் அந்த மாநாட்டுக்கு வருகிறாள், அதனால் இந்தக் கடிதத்தையும் ஒரு பொட்டலம் உசிபாக் கருவாட்டையும் அவளிடமே கொடுத்து அனுப்புகிறேன். போனில் என்றால் நீ நடுவில் அழுவாய், நானும் பாதியிலேயே விட்டுவிடுவேன். முதலிலிருந்து நடந்தது நடந்தபடி சொல்கிறேன், கடைசிவரை படி.

மார்ச் மாதம் எங்கள் கிளினிக்குக்கு எஸ்னாத் என்று ஒரு பெண் வந்தாள். நாலு மாதக் கர்ப்பம். இதற்கு முன்பு இரண்டு தடவை மூன்றாம் மாதத்திலேயே தானாகக் கலைந்து போயிருக்கிறது, பாவம், அதைச் சொல்லும்போது தலையை நிமிர்த்தவே இல்லை. இப்போதெல்லாம் நாங்கள் நோட்டில் எழுதுவதில்லை, கம்ப்யூட்டரில் ஆங்கிலத்தில் தட்டினால் நம் சிச்செவா மொழியில் ஒரு கார்டு அச்சாகி வரும், அதில் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது பேர் வரிசையில் நிற்கிறார்கள், அச்சான கார்டை யார் படித்துப் பார்க்கிறார்கள், நான் படிக்கவில்லை, போட்டுக் கொடுத்துவிட்டேன். ஏப்ரலில் அவள் வரவில்லை, மே பிறந்தும் வரவில்லை. ஊர் சுகாதாரப் பணியாளரை விசாரிக்கச் சொன்னேன், அவர் வந்து நடந்ததைச் சொன்னார். கார்டில் முன்பு கலைத்தது இரண்டு என்று இருந்ததாம். கலைந்தது இல்லை, கலைத்தது. எஸ்னாத்துக்குப் படிக்க வராது, புருஷனுடைய அக்காவுக்கு வரும். அந்த அம்மாள் முற்றத்தில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, தானாப் போச்சு தானாப் போச்சுன்னு எங்ககிட்ட அழுதியே, நீயேல்ல ரெண்டு தடவை கலைச்சிருக்கே, கவர்மெண்டே எழுதிக் கொடுத்திருக்கு பாரு என்று படித்துக் காட்டியிருக்கிறாள். புருஷன் பெண் வீட்டோடு வந்து வாழ்கிறவன்தானே, துணியை மூட்டை கட்டி சைக்கிளில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கே போய்விட்டான். எஸ்னாத் அதற்கப்புறம் கிளினிக் பக்கமே தலைகாட்டவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சோம்பாவில் மூன்று நாள் பயிற்சி என்று மாவட்ட அலுவலகத்திலிருந்து ஆள் கேட்டார்கள். போக வேண்டியவள் பிரசவ விடுப்பில் இருந்ததால் என்னை அனுப்பினார்கள், என் வயதில் எனக்கு என்ன பயிற்சி என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். இருபத்து நாலு பேர், பாதிப் பேர் பிள்ளைகள் மாதிரி, மேஜைக்கு மேஜை கம்ப்யூட்டர், காலையில் டீயும் எண்ணெயில் பொரித்த மந்தாசியும், சூடாகத்தான் கொடுத்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. எனக்குப் பக்கத்தில் மங்கோச்சியிலிருந்து வந்த மருந்துக் கிடங்குக்காரர் சிங்வாலு, பெரிய வாயாடி, என் ஒற்றை விரல் தட்டலைப் பார்த்துவிட்டு, சிஸ்டர், அது கோழி இல்லை, கொத்தாதீங்க என்றார், முதல் நாள் முழுக்க அதையே சொன்னார். சொல்லிக்கொடுத்தது வேஸிதான், மசூசுப் பக்கத்துப் பெண். இந்த மென்பொருள் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை, உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதியது, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், தப்பிருந்தால் திருத்தி அனுப்பலாம், இங்கே இருக்கிற நீங்களும் அனுப்பலாம் என்றாள். நீ எத்தனையோ தடவை இதையேதான் எனக்குச் சொல்லியிருக்கிறாய், யாருக்கோ சும்மா உழைச்சுக் கொட்டறே என்று நான் திட்டியதும் நினைவிருக்கிறது.

இரண்டாம் நாள் அவள் நம் மொழிக் கார்டைத் திரையில் பெரிதாகப் போட்டுக் காட்டினாள். அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, எழுந்து நின்றுவிட்டேன். இதை எழுதினவங்க பிரசவ வார்டு வாசலையாவது மிதிச்சிருப்பாங்களா, ஒரு எழுத்துத் தப்பு, ஒருத்தி குடும்பமே போச்சு, எழுதினவங்களைக் கொண்டாந்து ஒரு வாரம் என்கூட டியூட்டி பார்க்கவிடுங்க, அப்பத் தெரியும் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், சிங்வாலு கைதட்டினார். வேஸி மட்டும் சிரிக்கவில்லை, வடக்குக்காரி, நம் பாஷை அவளுக்குத் தாய்மொழி இல்லை, அவளுக்கு இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் புரிந்தது. எந்த வரியை யார் எழுதினாங்கன்னு இதுல பார்க்க முடியும் சிஸ்டர் என்று சொல்லிக்கொண்டே எதையோ அழுத்தினாள். தியாமிகே நமலோம்பா என்று வந்தது. நாலு வருஷத்துக்கு முந்திய ஒரு சனிக்கிழமைத் தேதி. சிங்வாலு என் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், சிஸ்டர், நீங்களும் நமலோம்பாதானே, சொந்தமா என்றார். என் மகள் என்றேன். அதுக்கப்புறம் அவர் அன்று முழுக்கக் கோழிப் பேச்சே எடுக்கவில்லை.

வேஸி என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தாள். அந்தச் சனிக்கிழமை சோம்பாவில் மொழிபெயர்ப்புக் கூட்டம் ஒன்று நடந்ததாம், ஒரே நாளில் நீ தொள்ளாயிரம் வரி முடித்தாய், இன்றைக்கு நாட்டில் எத்தனையோ கிளினிக்கில் ஓடுவது அதுதான் என்றாள். பிறகு அவளே, தப்பு எங்களுதும்மா, கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளைகளா முப்பது பேரைக் கூப்பிட்டோம், ஒரு நர்ஸைக் கூப்பிடணும்னு யாருக்கும் தோணலை என்றாள். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் அபார்ஷன் என்றுதான் இருக்கிறது, அது எங்களைப் போன்ற நர்ஸ்களுக்கு இரண்டையும் குறிக்கிற வார்த்தை, வெளியில் இருக்கிறவர்களுக்கு அப்படி இல்லை. இருபது வயசுப் பிள்ளை உனக்கு அது எப்படித் தெரியும்.

மூன்றாம் நாள் நானே திருத்தினேன். வேஸி பக்கத்தில் நின்றாள், ஆனால் கை வைக்கவில்லை. த் எடுத்து ந் போடுகிற மாதிரிச் சின்ன வேலை, எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்டு ஒரு கட்டம் வந்தது, அது மெஷினுக்குப் போகிறது என்று நினைத்து, எஸ்னாத்துக்கு நடந்ததையெல்லாம் அந்தக் கோபத்திலேயே எழுதி அனுப்பிவிட்டேன். அது நேராக உன் கைக்கு வரும், நம் மொழிக்குப் பொறுப்பான நீதான் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியாது மகளே. தெரிந்திருந்தால் அதே விஷயத்தை வேறு விதமாக எழுதியிருப்பேன். பத்தே நிமிஷத்தில் நீ ஒப்புக்கொண்டுவிட்டாய் என்று பிறகு வேஸி சொன்னாள். அந்தப் பத்து நிமிஷம் நீ எப்படி உட்கார்ந்திருப்பாய் என்றுதான் இப்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஊருக்கு வந்ததும் கிளினிக் கம்ப்யூட்டரில் புதுசை ஏற்றிக் கொடுத்தார்கள். முதல் கார்டு எஸ்னாத்துக்கு அடித்தேன், இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். கபாசா வாடகைச் சைக்கிள்காரன் பின்னால் உட்கார்ந்து நேராக அந்த அக்கா வீட்டுக்குத்தான் போனேன், இடுப்பு எலும்பெல்லாம் கழன்றுவிட்டது. புருஷன்காரன் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான், நிமிரவில்லை. அக்கா புதுக் கார்டைப் படித்தாள், தான் எடுத்து வைத்திருந்த பழையதையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அச்சுல வந்தது எப்படி சிஸ்டர் பொய்யாகும் என்றாள். அச்சடிக்கிறதும் மனுஷங்கதான், அதுல கையெழுத்துப் போட்டது நான், படிக்காமப் போட்டேன், திட்டறதுன்னா என்னைத் திட்டு, அந்தப் பொண்ணை விட்டுடு என்றேன். அவள் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு செம்பு தோப்வா கொண்டுவந்து குடிக்கச் சொன்னாள், குடித்தேன். அவன் அந்த ஒரே ஓட்டையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எஸ்னாத் வந்தாள். தனியாகத்தான் வந்தாள், ஆனால் வரிசையில் தலையை நிமிர்த்தி நின்றாள். ஏழாம் மாதம், குழந்தையின் நெஞ்சுத் துடிப்பு நன்றாகக் கேட்டது, அவள் காதிலும் வைத்துக் கேட்க வைத்தேன். புருஷன் இன்னும் திரும்பி வரவில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு முற்றத்தில் ஒரு கட்டு விறகு கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனானாம். வருவான் என்று எனக்குத் தோன்றுகிறது, உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன்.

இனி நான் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி, இதுதான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. அந்தச் சனிக்கிழமைத் தேதியைத் திரையில் பார்த்ததிலிருந்து என்னை எதுவோ உறுத்திக்கொண்டே இருந்தது. கிளினிக்கில் பழைய பிரசவ நோட்டை எடுத்துப் பார்த்தேன். அன்று இரட்டைப் பிள்ளை, இரண்டாவது குழந்தை குறுக்கே கிடந்தது. அப்போது நீ கூப்பிட்டாய். அம்மா, ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு நம்ம பாஷையில என்ன சொல்றது, ஒரே ஒரு நிமிஷம் என்றாய். அப்புறம் பேசுடி என்று வைத்துவிட்டேன். அப்புறம் நான் கூப்பிடவே இல்லை. நீயும் மறுபடி கேட்கவில்லை, தொள்ளாயிரம் வரியில் ஒன்று, தெரிந்தமட்டில் எழுதிவிட்டாய். இதை நீ எனக்கு ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை, ஒருவேளை மறந்திருப்பாய், ஆனால் உன்னை எனக்குத் தெரியும், மறந்திருக்க மாட்டாய். அந்த வார்த்தையை நீ மட்டும் எழுதவில்லை தியாமி, நானும் சேர்ந்துதான் எழுதினேன்.

அதனால் விலகிக்கொள்கிறேன் என்று நீ சொன்னால் நானும் நர்ஸ் வேலையை விட்டு விலக வேண்டும், அடுத்த பிரசவத்துக்கு யார் நிற்பது. மாநாட்டில் உன் பெயரைத் திரும்பப் போடச் சொல், நடந்ததை நீயே எழுந்து நின்று சொல், என் பெயரையும் சேர்த்துச் சொல், எனக்கு வெட்கமில்லை. ஆகஸ்டில் வேஸி இங்கேயே ஒரு பயிற்சி வைக்கிறாள், இந்தத் தடவை கம்ப்யூட்டர் பிள்ளைகள் பத்துப் பேர், மருத்துவச்சிகள் பத்துப் பேர், ஆளுக்கு ஒருவராகப் பக்கத்தில் உட்கார வேண்டும். நான் ஆறு கிளினிக்கில் பேசி எட்டுப் பேரைப் பிடித்துவிட்டேன். லீவு கிடைத்தால் நீ வா, என் பக்கத்து நாற்காலியை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அங்கே கோடை என்றாலும் காதை மூடித் தொப்பி போடு, ரொட்டியை மட்டும் தின்று காலம் தள்ளாதே, வேஸியை ஒரு நாளாவது உன் வீட்டுக்குக் கூட்டிப்போய் நசிமாக் களி கிளறிக் கொடு. அப்பா தன் ஆசியையும் சேர்த்து எழுதச் சொல்கிறார், ஏணி விஷயத்தை எழுதாதே என்றும் சொல்கிறார். கடவுள் உன் கையையும் கண்ணையும் காக்கட்டும், எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூடட்டும். இனிமேல் ஒரு வார்த்தை தெரியவில்லை என்றால் எந்த நேரமானாலும் கூப்பிடு, என் கை இரண்டும் பிரசவத்தில் இருந்தால் பக்கத்தில் நிற்கிறவளிடம் போனை என் காதில் வைக்கச் சொல்லியாவது பதில் சொல்வேன்.

உன் அம்மா,
மெர்விஸ் நமலோம்பா